மஞ்சள் பேஸில் ஒரு கல்யாணம்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் ஒரு கதை சொல்லப்படும். 'ஏழுமலை கை வெச்ச கதை' என்று அதற்குப் பெயர். என் மகளின் கல்யாணத்தன்று எலக்ட்ரீசியன் ஏழுமலை ஞாபகமில்லாமல் ஒரு சுவிட்சைத் திருப்பிவிட்டார், அதனால் என்னென்ன கூத்து நடந்தது என்பதுதான் கதை. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஏழுமலை அங்கே இருந்தால் அவரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன், எல்லோருக்கும் கொஞ்சம் பிந்தி.

அந்த சுவிட்சைத் திருப்பியது நான்தான்.

ஏறக்குறைய இருபது வருஷம் இதைச் சொல்லாமல் இருந்தேன். கொலைக் குற்றமல்ல, ஒரு திருகு சுவிட்ச்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை.

அது 2006-ஆம் வருஷம். மரக்காணத்தில் ஒரு தனியார் உப்பளத்தில் நான் மேனேஜர். வயது ஐம்பத்தைந்து. பௌதிகத்தில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. (முதல் வகுப்பு என்பதை இந்த வயதிலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.) பௌதிகம் படித்தவன் உப்பளத்தில் என்ன செய்வான்? ஒரு கண்ணாடிக் குழாயை உப்புநீரில் மிதக்கவிட்டு, நீர் எவ்வளவு கனத்திருக்கிறது என்று பார்ப்பான். குழாயே இல்லாமல் பாத்தியில் கால் வைத்த மாத்திரத்தில் அதைச் சொல்லிவிடும் பெண்கள் அங்கே ஏராளம். ஆகவே மீதி நேரமெல்லாம் எனக்கு மேனேஜராக இருப்பதுதான் வேலை. அதை மிகவும் சிரத்தையாகச் செய்தேன்.

கம்பெனி வளாகத்தில் முன்னால் ஆபீஸ், பின்னால் மேனேஜர் குவார்ட்டர்ஸ், நடுவில் உப்பு லாரிகள் திரும்புவதற்கான களம். ஆபீஸ் வாசலிலிருந்து என் வீட்டு வாசலுக்கு எண்பது தப்படி. இந்த எண்பது தப்படிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுமதி எங்கள் ஒரே மகள். சென்னையில் இன்ஜினீயரிங் படித்தாள். படிப்பு முடிந்ததும், கூடப் படித்த சேகரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து சொன்னாள். சேகர் எங்களுக்கு அடுத்த எக்கியார்குப்பத்துப் பையன். கடலுக்குப் போகிற குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பச்சையம்மா தலையில் மீன்கூடை சுமந்து அவனைப் படிக்கவைத்தார்.

"எனக்கு ஜாதி வித்தியாசமெல்லாம் கிடையாதும்மா, ஆனால்..." என்று ஆரம்பித்தேன். படித்தவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்போம். அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குள் நான் காற்றோட்டமாக ஒரு வீடே கட்டிக் குடியிருந்தேன்.

ஒரு நாள் பச்சையம்மாவே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"ஆபீஸ் நேரத்துல வீட்டு விஷயம் பேசறதில்ல" என்றேன்.

அவர் தாம்பாளத்தை இறக்கி வைக்க இடம் தேடினார். என் மேசையின் ஓரத்தில் இடம் இருந்தது. நான் ஒரு ஃபைலை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

அவர் தாம்பாளத்தோடு திரும்பிப் போனார். சுமதியும் சேகரும் ஹாலந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். நானும் சுமதியும் பேசுவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். என் மனைவி கமலா பேசுவாள். நான் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே வரியை அரைமணி நேரம் படிப்பேன். "அப்பாகிட்ட குடுக்கவா?" என்று கமலா சொல்லும்போது எங்கேயோ ஒரு மோட்டார் பம்ப் என்னைக் கூப்பிடும். போய்விடுவேன்.

இரண்டு வருஷம் எனக்காகக் காத்திருந்துவிட்டு, இனி காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அங்கேயே வீட்டில் நண்பர்கள் சூழத் தாலி கட்டுவது என்று ஏற்பாடு. கமலா போவதாக இருந்தாள். பாஸ்போர்ட்கூட வந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது குவார்ட்டர்ஸ் படியில் வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. கட்டிலோடு கிடந்து அவள் கால் வலிக்காக அழவில்லை.

"நான் பெத்த ஒரே பொண்ணு. அவ கழுத்துல தாலி ஏர்றத நான் பாக்கணும்" என்றாள். என்னைக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வருஷம்தான் எங்கள் ஆபீசுக்கு பிராட்பேண்டு வந்திருந்தது. வெப்கேம் வைத்தால் ஹாலந்தில் நடப்பதை மரக்காணத்தில் பார்க்கலாம். ஆனால் போன் லைனும் மோடமும் ஆபீசில். கமலா எண்பது தப்படிக்கு அப்பால் கட்டிலில்.

ஏழுமலைதான் முதலில் வழி சொன்னார். எங்கள் உப்பளத்தின் எலக்ட்ரீசியன் அவர். அப்போது முப்பது வயதிருக்கும். காதில் எப்போதும் ஒரு டெஸ்டர்.

"இதுக்கு இன்னா சார் யோசன? அம்மாவ சேர்ல உக்கார வெச்சு ஆபீசுக்குத் தூக்கினு வந்துட்டா போவுது."

"வயர்ல அனுப்பிடலாம்பா. அதுக்குத்தான் சயின்ஸ் இருக்குது" என்றேன்.

உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். கமலா ஆபீசுக்கு வந்தால், அவளுக்குப் பக்கத்தில் நான் இருந்தாக வேண்டும். இருந்தால் கேமராவில் தெரிவேன். தெரிந்தால் பேச வேண்டும். கமலா வீட்டிலேயே இருந்து, நான் ஆபீசில் மோடத்துக்குக் காவல் இருந்தால்? பெண்ணுக்காகப் பாடுபட்ட அப்பா என்ற பெயரும் கிடைக்கும், அவள் முகத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை. முதல் வகுப்பு மூளை அப்படித்தான் வேலை செய்தது.

முதலில் ஒரு நீளமான கேபிளை ஆபீசிலிருந்து வீட்டுக்குக் களத்தின் மேலே கட்டினோம். தார்ப்பாய் போட்டு முட்ட முட்ட உப்பு ஏற்றிய ஒரு லாரி மறுநாள் அதை திண்டிவனம் சாலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த கேபிளைத் தரையில் புதைத்தோம். எங்கள் மண் இரும்பையே தின்னும் மண். நாலே நாளில் கேபிள் முனை பச்சையாகப் பூத்துவிட்டது.

இதெல்லாம் போனில் கமலா மூலமாக ஹாலந்துக்குப் போயிருக்கிறது. ஒரு வாரத்தில் யாரோ ஊருக்கு வந்தவர்கள் மூலமாக ஒரு பார்சல் வந்தது. உள்ளே சோப்புப் பெட்டி அளவில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒன்றை ஆபீசில் பிளக்கில் சொருகி மோடத்தோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை வீட்டில் பிளக்கில் சொருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். நடுவில் தனியாக ஒயரே வேண்டாம். சுவருக்குள் ஓடுகிற கரண்டு ஒயரிலேயே தகவலும் ஏறிப் போய்விடும். கூடவே சுமதி கைப்பட ஒரு துண்டுச் சீட்டு: 'இதை அப்பாவால் மட்டும்தான் சரியாகச் செய்ய முடியும்.'

அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த பத்து நாள் நான் இருபது வயதுக்காரனாக இருந்தேன். ஆபீசிலிருந்த இரண்டாவது கம்ப்யூட்டரை, எழுந்து உட்காரவே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும் ஒரு கிழத்தை, கமலாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். ஆபீசில் வெள்ளைப் பெட்டியை யு.பி.எஸ்.ஸில் சொருகினால் தகவல் வரவில்லை, யு.பி.எஸ். அதை முழுங்கிவிடுகிறது. நேராகச் சுவரில் சொருகினால் வந்தது. வீட்டில் மிக்சி ஓடினால் படம் உறைந்தது. டியூப்லைட் சோக்கு இரைந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. செல்போன் சார்ஜர் ஒன்று, சின்னஞ்சிறு பொருள், மொத்தத்தையும் கெடுத்தது. உப்புக்காற்றில் பூத்துப்போயிருந்த பிளக் பாயிண்டுகளை ஏழுமலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் வந்தது, மறுநாள் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஏழுமலை.

"சார், நேத்து ரெண்டும் ஒரே பேஸ்ல இருந்துச்சு. இன்னிக்கு ஆபீசு நீலத்துல கீது, வீடு மஞ்சள்ல கீது."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வளாகத்துக்கு மூன்று பேஸில் கரண்டு வந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம். வெயில் காலத்தில் மதியமானால் சுற்றுவட்டார பம்புகளெல்லாம் சேர்ந்து ஓடும். வோல்டேஜ் விழும். ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம். அப்போது எந்த பேஸ் தேவலையோ அதற்கு மாற்றிக்கொள்வோம். இதற்கென்றே ஆபீஸ் மெயின் போர்டில் இரண்டு திருகு சுவிட்சுகள். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று என் வீட்டுக்கு. ஃபேன் சுணங்கினால் எழுந்துபோய் ஒரு திருகு. ஃபேன் பறக்கும். கொசு கடித்த இடத்துக்குக் கை தானாகப் போவதுபோல், எங்கள் பக்கத்து மனிதனுக்கு இது பழக்கம். ஒரு நாளைக்கு நாலு தடவை திருப்புவேன். திருப்பினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஆனால் இந்த வெள்ளைப் பெட்டிகளுக்கு மூன்று பேஸும் மூன்று தனித் தெரு. மஞ்சள் தெருவில் பேசியது நீலத் தெருவில் கேட்காது.

இரண்டு சுவிட்சையும் மஞ்சளில் வைத்தோம். படம் வந்தது. வெள்ளோட்டத்தில் சுமதியின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வரைக்கும் தெரிந்ததாம். நான் ஆபீசில் இருந்தேன். கமலா சொல்லித்தான் தெரியும்.

போர்டுக்கு மேலே ஒரு அறிவிப்பை நானே என் முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். 'இந்த சுவிட்சுகளில் யாரும் கை வைக்கக் கூடாது. மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, மேனேஜர்.'

கல்யாண நாளும் வந்தது. மே மாதம். அங்கே காலை பதினொன்றரை மணிக்குத் தாலி. இங்கே அது மதியம் மூன்று. மூன்றேகாலோடு நல்ல நேரம் முடிகிறது. மிக்சிக்கு விடுமுறை. டியூப்லைட்டுக்கு விடுமுறை. செல்போன் சார்ஜர்களையெல்லாம் ஏழுமலை பிடுங்கி ஒரு சட்டியில் போட்டு மூடிவிட்டார். கட்டிலிலிருந்து கமலாவைக் கைவைத்த மர நாற்காலிக்கு மாற்றி உட்காரவைத்து, மாவுக்கட்டுக் காலை ஒரு முக்காலியில் நீட்டிவைத்து, பட்டுப்புடவை உடுத்தி, தலையில் பூ வைத்திருந்தார்கள். வைத்தது பச்சையம்மா. கமலா எனக்குச் சொல்லாமலே அவருக்கு ஆளனுப்பியிருந்தாள். அவர் குவார்ட்டர்ஸ் பின்கதவு வழியாக வந்திருந்தார். மேனேஜர் கண்ணில் படாமல்.

நான் ஆபீசில் மோடத்துக்குக் காவல். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியைப் பார்க்க வந்த ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், மோடம் பாக்கறதுக்கு எதுக்கு சார் பட்டுக்கரை வேட்டி?"

"உன் வேலையப் பாருய்யா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் போனார். நான் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது கொடுத்திருந்தேன். ஒரு தடவை கமலாவின் குரல் கேட்டது. "கண்ணு, மால தூக்கலா இருக்குதே!" அப்புறம் ஏதோ சிரிப்பு. சட்டைப்பையில் அந்தத் துண்டுச்சீட்டு இருந்தது. வேர்த்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஃபேன் சுணங்கியிருந்தது. இறக்கையை எண்ணலாம்போல.

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

அடுத்த காட்சியில் நான் நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். ஃபேன் பறக்கிறது. ஜிலுஜிலுவென்று காற்று. கண்ணை மூடி அனுபவிக்கிறேன். என் பெண்ணின் கல்யாணம் எண்பது தப்படியில் உறைந்துபோய் நிற்கிறது. நான் காற்று வாங்குகிறேன்.

"சார்!" ஏழுமலை ஓடிவந்தார். "படம் நின்னுபோச்சு சார்! பாப்பா தொறந்த வாய மூடாம அப்படியே நிக்குது!"

"மோடம் நல்லாத்தானே இருக்குது" என்றேன், சாய்ந்தபடியே.

அவர் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். அதன் இணைப்பு விளக்கு அணைந்திருந்தது. அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"ஃபேன் நல்லா ஓடுதே சார்" என்றார்.

பிறகு போர்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் முத்தான கையெழுத்துக்குக் கீழே, ஆபீஸ் சுவிட்ச் நீலத்தில் இருந்தது. அறிவிப்பு இருந்த உயரம் சரியாக என் மூக்கு உயரம். அதைப் படித்துக்கொண்டேதான் திருப்பியிருக்க வேண்டும்.

அதே சமயம் வாசலில் பச்சையம்மா வந்து நின்றார், கையில் அட்சதைத் தாம்பாளத்தோடு. அவருக்குப் பின்னால் களத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள். எல்லோரும் அந்தச் சுவிட்சையே பார்த்தார்கள்.

"யாருய்யா இதத் திருப்பினது?" என்று ஒரு குரல் அதட்டியது. அது என் குரல். "நீதானே இப்ப வந்துட்டுப் போனே? எத்தனை தடவ படிச்சுப் படிச்சு சொன்னேன்! எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியல?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடியை நான் பிற்பாடு பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன்.

"ஆமா சார், நான்தான்" என்றார். "ஞாபகமில்லாம கை வெச்சிட்டேன். இப்ப ஆவ வேண்டியத சொல்லுங்க."

சுவிட்சை மஞ்சளுக்குத் திருப்பினார். பெட்டியில் விளக்கு வந்தது. அதற்குள் வீட்டிலிருந்து கமலாவின் குரல்: "கம்ப்யூட்டர் மொத்தமா அணைஞ்சிடுச்சு!" மஞ்சளில் ஏற்கெனவே வோல்டேஜ் மோசம், ஆபீஸ் சுமையும் சேர்ந்ததும் கிழம் தாங்கவில்லை. திரும்ப எழுந்து உட்காரப் பத்து நிமிஷம். கடிகாரத்தில் மூன்று அடித்து நாலு நிமிஷம்.

பச்சையம்மா என் மேசையிலிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காட்டினார். யு.பி.எஸ். தயவில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இந்தப் பொட்டியில புள்ளைங்க தெரிவாங்களா?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"தெரிவாங்கம்மா."

"அப்ப இன்னாத்துக்குடா கரண்டு கம்பில வுட்டீங்க?"

எல்லோரும் மரியாதையாக வேறு எங்கோ பார்த்தார்கள்.

"வாங்கடி!" என்றார் பச்சையம்மா. மூட்டைப் பெண்கள் நாலு பேர் அவர் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். நாள் முழுக்கத் தலையில் உப்பு சுமக்கிறவர்களுக்குக் கமலா ஒரு பாரமா? நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள்.

"ஐயோ, கீழ போட்டுடாதீங்கடி!"

"போட்டா இன்னாக்கா, இன்னொரு கால்லயும் ஒரு கட்டு போட்டுக்க. ஜோடியா இருக்கும்!"

களத்தில் இறங்கியதும் கமலா அலறினாள். "கால யாராவது தாங்குங்க! தொங்குது!" மாவுக்கட்டுக் கால் நாற்காலிக்கு முன்னால் பீரங்கிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. பச்சையம்மா சுற்றிப் பார்த்தார். கை காலியாக இருந்த ஒரே ஆள் நான்.

"உன் பொண்டாட்டி காலுதானேய்யா, புடி!"

பிடித்தேன். காலைப் பிடித்தால் அவளைப் பார்த்தபடிதான் நடக்க முடியும். அதாவது பின்பக்கமாக. எண்பது தப்படியையும் பட்டுக்கரை வேட்டியில், பின்பக்கமாகவே நடந்தேன். அவர்கள் கூடை சுமக்கிற ஓட்டத்தில் வந்தார்கள். நான் விழாமல் இருந்தது என் திறமையல்ல. ஒரு லாரி டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

ஆபீஸ் வாசல்படியில் பச்சையம்மா ஒரு கணம் நின்றார்.

"ஆபீசு நேரத்துல வீட்டு வெசயம் பேசலாமாய்யா?"

கேலியாகத்தான் கேட்டார். கண் கேலியாக இல்லை.

"பேசலாம்" என்றேன்.

அதற்குள் ஏழுமலை வெப்கேமை எடுத்துவந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகி ஹாலந்தைக் கூப்பிட்டுவிட்டார். ஆக, இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் மகள் முதன்முதலில் பார்த்தது என் முதுகு, வழுக்கை, என் இரண்டு கையிலும் ஏந்தியிருந்த அவளுடைய அம்மாவின் கால்.

"அப்பாவா அது?" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். சிவப்புப் புடவையில், தூக்கலான மாலையில், சுமதி. இளைத்திருந்தாள். பக்கத்தில் சேகர், கையில் தாலியோடு. அம்மா முகம் திரும்ப வராமல் கட்டக் கூடாது என்று சுமதி பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"நேரம் இருக்குது மாமா. மெதுவா வாங்க" என்றான் சேகர்.

இந்தக் கணத்துக்காக நான் சில வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பம்ப் ஷெட்டில் நின்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தவை. நல்ல வாக்கியங்கள். 'நான் செய்தது தப்பு' என்று ஒன்று. 'உன் மேல் எனக்குக் கோபமே இல்லை' என்று ஒன்று. வாயைத் திறந்தேன்.

"இங்க வோல்டேஜ் கம்மிம்மா" என்றேன்.

சுமதி என்னையே பார்த்தாள். மூக்கு சிவந்தது. "தெரியுதுப்பா" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை, படம் அவ்வளவு தெளிவில்லை. (படம் தெளிவாகத்தான் இருந்தது. என் கண்தான்.)

பச்சையம்மா தாம்பாளத்தை இறக்கி வைக்க இடம் தேடினார்.

அதே மேசை. ஓரத்தில் ஏதோ ஒரு ஃபைல். கமலாவின் காலை என் நாற்காலியில் வைத்துவிட்டு, அந்த ஃபைலை எடுத்துத் தரையில் போட்டேன். பக்கத்திலிருந்த ரிஜிஸ்டரையும் போட்டேன். பேனா ஸ்டாண்டையும் எடுத்தேன்.

"போதும்யா, தட்டு வெக்கத்தான் எடம் கேட்டேன். குடுத்தனம் பண்ண இல்ல" என்றார் பச்சையம்மா. வைத்தார்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு சேகர் தாலி கட்டினான். மூட்டைப் பெண்கள் குலவை போட்டார்கள். நாங்கள் அட்சதையை மானிட்டர் மேலேயே போட்டோம். அதில் பாதி கீபோர்டுக்குள் இறங்கி, அந்த உப்பளத்திலிருந்து நான் ஓய்வு பெறும் வரைக்கும் எந்தக் கடிதத்திலும் இரண்டு சொல்லுக்கு நடுவே இடம் விட முடியாமல் போனது. கமலா ஒரு கையால் பச்சையம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். ஏழுமலை மட்டும் போர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அந்தப் பக்கம் போகாதபடி. நானும் போகாதபடி.

மறுநாள் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டேன்.

"ஏம்பா ஏழுமலை..."

"சார்."

"டெஸ்டர் நல்லா வேலை செய்யுதா?"

"செய்யுது சார்."

"சரி, போ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமானது. கதைக்குப் பெயர் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, 'ஏழுமலை மாமா கை வெச்ச கதை சொல்லுங்க' என்று கேட்க ஆரம்பித்தார்கள். பச்சையம்மா தன் கடைசி நாட்களில்கூட ஏழுமலையைப் பார்த்தால், "வாடா கை வெச்சவனே" என்றுதான் கூப்பிட்டார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன். அதற்கு நகைச்சுவை ஒன்றும் கிடையாது.

என்னுடைய வாக்கியத்துக்கும் குடும்பத்தில் ஒரு இடம் கிடைத்தது. நான் ஏதாவது தப்பைச் செய்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து மென்று முழுங்கினால், சுமதி கேட்பாள்: "என்னப்பா, வோல்டேஜ் கம்மியா?"

போன பொங்கலுக்கு சுமதி குடும்பத்தோடு வந்திருந்தாள். ஏழுமலையும் வந்திருந்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. சாப்பாடு முடிந்தது. வெற்றிலைத் தட்டு வந்தது. சேகர் கதையை ஆரம்பித்தான். 'நான்தான் சார், ஞாபகமில்லாம கை வெச்சிட்டேன்' என்ற இடம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அது அவரில்ல. நான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. சேகர் வெற்றிலையைப் பாதி மடித்தபடி என்னைப் பார்த்தான்.

"நான்தான் திருப்பினேன். ஃபேன் ஓடலைன்னு திருப்பினேன். தெரிஞ்சும் அவர் மேல பழியப் போட்டேன். இத்தனை வருஷமா சொல்லல. தப்பு ஏழுமலை. என்னை மன்னிச்சிடுங்க."

அந்தக் காலத்தில் தயாரித்த வாக்கியங்கள் ஒருவழியாக உரிய இடத்துக்கு இல்லாவிட்டாலும் வெளியே வந்தன. ஏழுமலைக்கு ஒரே கூச்சம்.

"அட இன்னா சார் நீங்க. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான் சேகர்.

"பின்ன? நான் இல்லன்னு சொல்லியிருந்தா சார் வுடுவாரா? யாரு வந்தா, எத்தினி மணிக்கு வந்தா, எந்தக் கையால தொட்டான்னு ஒரு மணி நேரம் விசாரண வெப்பாரு. மூணேகாலுக்கு நல்ல நேரம் முடியுது. ஒத்துக்கினா ரெண்டு நிமிசத்துல வேல முடிஞ்சிச்சு."

சுமதி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கமலா எழுந்து நின்றாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"பாவி மனுஷா! அன்னிக்கு அந்தப் பத்து நிமிஷம் நான் பட்ட பாட்டுக்கு, இந்தப் புள்ள வரும்போதெல்லாம் இத்தனை வருஷமா ரெண்டாம் டிகாஷன்ல காபி போட்டுக் குடுத்திருக்கேனே!"

"அதாம்மா நானும் பாக்கறேன்" என்றார் ஏழுமலை. "உங்க வூட்டுக் காபியே அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கினேன்."

இப்போது ஏழுமலை மாதம் ஒரு தடவை வருகிறார். வரும்போதெல்லாம் கள்ளிச்சொட்டு மாதிரி முதல் டிகாஷன் அவருக்கு. இரண்டாவது எனக்கு. அவர் இல்லாத நாட்களிலும் இரண்டாவதுதான் எனக்கு. இத்தனை வருஷக் கணக்கு தீர்கிற வரைக்கும் என்பது கமலாவின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. அதை வாயில் வைத்து, தண்ணீரா காபியா என்று யோசித்தபடி ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது எதிர் நாற்காலியிலிருந்து ஏழுமலை கேட்பார்.

"என்ன சார், வோல்டேஜ் கம்மியா?"